பச்சை ஒயர்

சபாநாயகம் ஊர் ஊராகச் சுற்றும் பழைய பைக்கையும், அதன் பின்னால் மாட்டும் சின்ன டிரெய்லரையும் நான்கு வருடமாக இருதயராஜைத் தவிர வேறு மெக்கானிக் தொட்டதில்லை. டிரெய்லரின் பிரேக் விளக்கு மட்டும் அவருக்குப் பிடி கொடுக்கவே இல்லை. சரிசெய்து அனுப்பினால் பத்தே நாளில் அணைந்துவிடும். இன்று ஆயில் மாற்ற வந்தபோது அது பளிச்சென்று எரிந்தது.

"தேனியில ஒரு பஞ்சர் கடை அம்மா, பத்தே நிமிசத்துல முடிச்சிட்டாங்க. ரெண்டையும் மாட்டுற இரும்புக் குண்டு வழியாத்தான் விளக்கோட கரண்டு திரும்பிப் போகுதாம், எர்த்துன்னு சொன்னாங்க. அதுல போயி கிரீஸ அப்புனா எப்படி எரியும்னு அந்தம்மாவுக்கு ஒரே சிரிப்பு. எர்த்துக்குன்னு தனியா ஒரு பச்சை ஒயர் இழுத்துக் குடுத்தாங்க." அந்தம்மா, அந்தம்மா என்று சபாநாயகத்தின் வாய் ஓயவில்லை.

ஒவ்வொரு முறையும் அந்தக் குண்டுக்குக் குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதுபோல் கிரீஸ் பூசி அனுப்பியவர் இருதயராஜ்தான். அவருக்கு வயிறு எரிந்தது. "டீ குடிச்சிட்டு வாங்க சார்" என்று அனுப்பிவிட்டு, பச்சை ஒயரை வெட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். குண்டுக்கு வழக்கத்தைவிடத் தடிமனாகக் கிரீஸ் பூசினார்.

திரும்பி வந்த சபாநாயகம் பிரேக்கை மிதித்தார். விளக்கு எரியவில்லை.

"கண்டவங்க கை வெச்சா இப்படித்தான் சார். எங்கிட்ட விட்டுட்டுப் போங்க."

"இருங்க, அந்தம்மாகிட்டயே கேட்டுடலாம்." சபாநாயகம் கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டார்.

"பச்சை ஒயரு அப்படியே இருக்கான்னு பாருங்க சார்" என்றது குரல்.

சபாநாயகம் முட்டி போட்டுக் குனிந்தார். இருதயராஜின் கை தானாகப் போய்ச் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டது.