சவாலே இல்லாத விளையாட்டு

விமர்சகர் நாற்காலியில் சாய்ந்தபடி சொல்லச் சொல்ல, மனைவி கணினியில் தட்டிக்கொண்டிருந்தாள். மாலைக்குள் பத்திரிகைக்கு அனுப்பியாக வேண்டும்.

"திரைப்பட விழாவுல பார்த்த படம் விறுவிறுன்னு போச்சு. ஒரு காட்சிகூட அநாவசியம் இல்ல. அடுத்தது, புது வீடியோ கேம். என்னை மாதிரி ஆளுக்கு இதுல சவாலே இல்லன்னு போடு."

மனைவியின் விரல்கள் நின்றன.

"கேமைப் பத்தி அப்படிப் போடாதீங்க. நீங்க தோத்துத் தோத்து வீட்டையே ரெண்டாக்கினீங்க. தாங்க முடியாம நான்தான் அதைக் குழந்தைங்க ஆடற மாதிரி மாத்தி வச்சேன்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எந்த வயசுக் குழந்தைங்க?"

"மூணு."

சற்று நேரத்தில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி, கேம் வேண்டாம். படத்தை மட்டும் அனுப்பு."

அவள் தயங்கினாள்.

"அதுலயுமா? நடுவுல ரெண்டு நிமிஷம் கண் அசந்தேன், அவ்வளவுதானே?"

"அந்த ரெண்டு நிமிஷத்துலதாங்க கதாநாயகி பொறந்து, வளர்ந்து, கல்யாணம் பண்ணி, பேரன் எடுத்தா!"

விமர்சகர் எழுந்து வந்தார். கட்டுரையின் மேலே இருந்த தன் பெயரை அழித்துவிட்டு, மனைவியின் பெயரைப் போட்டார்.

"நகர்ந்து உட்காரு. நீ சொல்லு, நான் தட்டறேன்."