மணமகள் அறையில் தலைவர்

தணிகாசலம் மிஷினில் மோவாயை வைத்தார்.

செவிலிமேட்டுக் கல்யாண மண்டபத்தில் இருட்டாக்க முடிந்த ஒரே இடம் மணமகள் அறை. அதனால் விழித்திரையைப் படம் பிடிக்கும் அந்த மிஷினை அங்கேதான் போட்டிருந்தார்கள். தலைவர் தோளில் மூன்று பொன்னாடைகள். பட்டுக்குப் பேர்போன ஊரில் மூன்றுமே சூரத் சரக்கு.

"ஆடாதீங்க தலைவரே" என்றான் போட்டோகிராபர் அந்தோணி.

பளிச்.

"அந்தக் கண்ணையும் வெச்சிடுங்க. இன்னொரு ஆங்கிள்."

பளிச்.

பேப்பருக்குப் போஸ் கொடுக்கும் வேலை முடிந்தது. இனி வெளியே போய்ப் பேச வேண்டியதுதான் பாக்கி. பேச்சு மனப்பாடம். சர்க்கரை உள்ளவர்கள் விழித்திரையை அடிக்கடி சோதித்துக்கொள்ள வேண்டும். தணிகாசலம் அறக்கட்டளை முதலில் வருடத்துக்கு ஒரு முகாம் நடத்தியது. பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று. இப்போது நான்கு மாதத்துக்கு ஒன்று. இந்த வளர்ச்சி வேறு எந்த அறக்கட்டளைக்காவது உண்டா?

கைதட்டல் வரும். வராமல் போனதில்லை. சாப்பாட்டுப் பொட்டலம் அதற்குப் பிறகுதான்.

டாக்டரைப் பேசி வைப்பது, தேதி குறிப்பது, மண்டபம் பிடிப்பது எல்லாம் அவர் மனைவி பொன்னியம்மாள். திறந்து வைப்பது அவர்.

அவருக்கும் சர்க்கரை உண்டு. ஆனால் ஆஸ்பத்திரிப் பக்கம் கண்ணைக் காட்டப் போனதில்லை. அந்த வெளிச்சத்தை அடிக்கடி அடித்தால் கண் நரம்பு வெந்துவிடும், மருந்து ஊற்றினால் கண்மணி விரிந்தது விரிந்தபடியே நின்றுவிடும் என்பது வீட்டுக்குள் மட்டும் அவர் சொல்லும் கருத்து. போன மாதம் ஏனாத்தூர் வளைவில் வண்டியை மைல்கல் மேல் ஏற்றியபோதும் மைல்கல்லைத் தள்ளி நட்டிருக்கிறார்கள் என்றார். நெடுஞ்சாலைத் துறையைக் கண்டித்து அறிக்கையும் விட்டார்.

எழப் போனவரின் தோளைப் பின்னால் நின்ற பொன்னியம்மாள் அழுத்தினாள்.

"உக்காருங்க. இன்னிக்கு மருந்து ஊத்திப் பாக்கணுமாம்."

"யாருக்கு?"

மிஷினுக்குப் பின்னால் இருந்த டெக்னீஷியன் ஷாஹிஸ்தா, திரையை அவர் பக்கம் திருப்பினார். ஆரஞ்சு நிறத்தில் உருண்டை உருண்டையாகப் படங்கள் வரிசை கட்டி நின்றன. எல்லாவற்றின் கீழும் அவர் பெயர்.

"எல்லாம் உங்க கண்ணுதான் சார். ஒவ்வொரு முகாம்லயும் எடுத்தது. அண்ணன் கேமராவுல ஃபிளாஷ் செத்து ரொம்ப நாளாச்சு."

அந்தோணி அவசரமாக லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தான்.

தலைவருக்குக் குரல் மேடைக்குரலாகவே வந்தது.

"என்னியக் கேக்காம எத்தினி வாட்டிமா அந்த லைட்ட அடிச்சிக்கினு இருந்தீங்க? நரம்பு இன்னாத்துக்கு ஆவும்?"

"அத்தினி வாட்டி அடிச்சும் லைட்டால ஒண்ணும் ஆவல சார். மருந்து ஊத்துனா கொஞ்ச நேரம் மங்கலாத் தெரியும், கண்ணு கூசும், வண்டி ஓட்டக் கூடாது. அப்புறம் சரியாப் பூடும்." ஷாஹிஸ்தா கடைசி உருண்டையிலிருந்த சிவப்புப் புள்ளிகளைத் தொட்டுக் காட்டினார். "இது லைட்டு பண்ணதில்ல. சர்க்கரை பண்ணது. போன வாட்டி இவ்ளோ இல்ல. நடுவுக்கு வந்துட்டா பார்வை போயிடும். டாக்டர் இன்னிக்கே முழுசாப் பாக்கணும்ன்றாரு."

வெளியே மைக்கில் ஒருவர், "இதோ வருகிறார், ஏனாத்தூரின் விடிவெள்ளி" என்று இழுத்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரமாக இழுக்கிறார் போலும், குரல் இளைத்திருந்தது.

"கூட்டம் காத்துக்கினு இருக்குது பொன்னி. ரெண்டு வார்த்த பேசிட்டு..."

பொன்னியம்மாள் போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். அதில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"நாளைக்குக் கண்ணு தெரியலன்னா அந்தக் கூட்டமா வந்து கையப் புடிச்சிக் கூட்டிக்கினு போவும்? நான்தான் போவணும். எனக்கே மூட்டு வலி."

விடிவெள்ளி உட்கார்ந்தது. அண்ணாந்தது.

மருந்து சுரீரென்றது. கன்னத்தில் வழிந்ததைப் பொன்னியம்மாள் முந்தானையால் துடைத்தாள். வெளியே மைக்கில் பேசியவர் சளைத்துப்போய்ப் பாட்டுப் போட்டுவிட்டார்.

கண்ணை மூடியபடியே, அறக்கட்டளைத் தலைவருக்கு உரிய குரலில் கேட்டார்.

"அடுத்த முகாம் எப்ப வெச்சிருக்க?"

"டாக்டரு உங்க கண்ணப் பாத்துட்டுச் சொல்லட்டும்" என்றாள் பொன்னியம்மாள். "எப்பவும் அப்பிடித்தான வெக்கிறேன்."