உடையாத முட்டை

மாப்பிள்ளையை முட்டைக்குள் வைத்துப் பூசியதில் மாவுக்கட்டுக்காரர் ஒரே ஒரு தப்புதான் செய்தார். முட்டை உடையவில்லை.

ஆஸ்பத்திரியில் கை கால் முறிந்தவர்களுக்குக் கட்டுப் போடுவது அவர் வேலை. இந்த ஈஸ்டருக்குக் கடையில் எதையும் வாங்கக் கூடாது, எல்லாம் வீட்டிலேயே செய்ய வேண்டும் என்று அவர் மனைவி உத்தரவு போட்டிருந்தாள். அவள் வெங்காயத் தோலைக் கொதிக்கவைத்து முட்டைகளுக்குச் சாயம் ஏற்றினாள். அவர் தங்கை பழைய சட்டைத் துணியில் முயல் தைத்தாள். அவர் தன் பங்குக்கு, ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு முட்டை செய்தார்.

பிள்ளைகள் தட்டியதும் முட்டை உடைய வேண்டும். உள்ளேயிருந்து தங்கையின் கணவர் மஞ்சள் உடுப்பில் கோழிக்குஞ்சாகக் குதிக்க வேண்டும். அவரையும் சேர்த்து நான்கு பேருக்கு மட்டும் தெரிந்த ரகசியம் இது.

மாப்பிள்ளை இதற்குச் சம்மதித்ததே பெரிய விஷயம். போட்டோ கடையை இழுத்து மூடியதிலிருந்து அவர் சொந்தக்காரர் வாசலை மிதிக்கவில்லை. தங்கை கெஞ்சிக் கூத்தாடியும் மசியவில்லை.

"முட்டைக்குள்ளன்னா வரேன். யார் மூஞ்சியையும் பாக்க வேண்டாம்ல."

இன்றைக்கும் யாராவது ஏதாவது சொல்லி அவர் மனசு நொந்தால், இனி எந்த நல்லது கெட்டதுக்கும் அவரைக் கூட்டிவர முடியாது. தங்கையின் பயமெல்லாம் அதுதான்.

இரண்டு பாதிகளையும் ஒட்ட ஒரு சுற்றுக் காகிதம் போதும் என்றுதான் பேச்சு. மாவுக்கட்டுக்காரரோ ஈர மாவுக்கட்டுத் துணியை எடுத்துச் சுற்றினார், சுற்றினார், சுற்றிக்கொண்டே இருந்தார். தொடை எலும்பு நொறுங்கியவனுக்குக்கூட இவ்வளவு போட மாட்டார்களே என்றாள் மனைவி. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூச்சு விட ஓர் அகலமான குழாயைச் சொருகி, அதன் மறுமுனையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார்.

"ரெண்டு ஓட்டை போட்டா ஆச்சு. முட்டைக்கு எதுக்குங்க புகைபோக்கி?"

"வெளிக் காத்து நல்லது" என்றார் அவர்.

சாந்து காய்ந்ததுமே அப்பா வந்துவிட்டார். மாவுக்கட்டுக்காரருக்கும் தங்கைக்கும் அப்பா. மனதில் பட்டதைப் பேசுகிறவர் என்று பெயர் வாங்கியவர். நேராகப் போய் முட்டையில் முதுகைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"எங்கம்மா உன் வீட்டுக்காரன்? வரலையா?"

தங்கை முட்டையை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"வராததே நல்லது. கடையை மூடின கையோட மூஞ்சியையும் மூடிக்கிட்டான். பொண்டாட்டி சம்பளத்துல உக்காந்து சாப்பிடுறவன் எந்த மூஞ்சியோட வருவான்?"

தங்கை இருமினாள். அப்பா குரலை உயர்த்தினார். தங்கை எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கீர்த்தனையைப் பாட ஆரம்பித்தாள். அப்பா அதற்கும் மேலே கத்தினார். கல்யாணத்துக்கு வந்த மற்ற வரன்களை ஒவ்வொருவராக எடுத்துச் சொல்லி, அவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று விளக்கினார். மாவுக்கட்டுக்காரர் மூலையில் நின்று நிதானமாக ஒரு முட்டையை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். பெற்ற தகப்பன் வாயை அடக்கத் துப்பில்லை, தீனி மட்டும் கேட்கிறது என்று மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆராதனை முடிந்து பிள்ளைகள் வந்தார்கள். கரண்டியால் தட்டினார்கள். உருட்டுக்கட்டையால் அடித்தார்கள். கடைசியில் அப்பாவே கிரிக்கெட் மட்டையை வாங்கி, ஓங்கி ஒன்று வைத்தார். மட்டைதான் உடைந்தது.

"அடிக்காதீங்கப்பா" என்று தங்கை அழுதுவிட்டாள். "உள்ள அவர் இருக்கார்."

அப்பா கையில் மட்டையின் கைப்பிடியோடு அப்படியே நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

மாவுக்கட்டுக்காரர் பையைத் திறந்து கட்டு அறுக்கும் ரம்பத்தை எடுத்தார். பழக்க தோஷம், முட்டையை மெல்லத் தட்டி, "பயப்படாதீங்க, சதையில படாது. கட்டுப் போட்டு எத்தனை வாரம் ஆச்சு?" என்று கேட்டார்.

ஓடு பிளந்தது. வியர்வையில் நனைந்த கோழிக்குஞ்சு ஒன்று எழுந்து நின்றது. அப்பா மட்டைக் கைப்பிடியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

மாப்பிள்ளை எல்லோரையும் சுற்றிப் பார்த்தார்.

"தெருவுல ரெண்டு தடவை ஐஸ் வண்டி போச்சே, பிள்ளைங்களுக்கு யாரும் வாங்கித் தரலையா? உள்ள வேற ஒண்ணுமே கேக்கல. கொஞ்ச நேரம் தூங்கிட்டேன்."

அப்பாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பாய்ந்து போய் மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டார். சட்டையெல்லாம் மஞ்சள் இறகு.

"வந்ததுல இருந்து உங்களைத்தான் மாப்பிள்ளை கேட்டுக்கிட்டு இருக்கேன்."

"என்னையா மாமா?" மாப்பிள்ளையின் கண் கலங்கியது. மாமனார் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். கிளம்பும்போது, கிறிஸ்துமஸுக்கும் வருவதாக அவராகவே சொன்னார். தங்கை முகத்தில் பல நாளைக்குப் பிறகு சிரிப்பு வந்தது.

எல்லோரும் போன பிறகு, சமையலறையில் மனைவி பிடித்துக்கொண்டாள்.

"ஊரே சிரிச்சிருக்கும். இத்தனை வருஷமா கட்டுப் போடுறீங்க, ஒரு முட்டையை உடையிற மாதிரி பூசத் தெரியலையே உங்களுக்கு."

மாவுக்கட்டுக்காரர் நகத்தில் ஒட்டியிருந்த சாந்தைச் சுரண்டிக்கொண்டே சொன்னார்.

"உடையிற மாதிரி பூசியிருந்தா, எங்கப்பா பேசினது உள்ள கேட்டிருக்குமே."