முதலாம் வருடத்துக் குப்பை

இதில் ஓர் எழுத்தாவது பொய்யென்றால் எழுதிய கை சுளுக்கிக்கொள்ளட்டும். கோணேசர் மலையைப் பார்த்தபடிதான் எழுதப்படுகிறது. பொய் சொல்ல வசதிப்படாத இடம்.

1975ஆம் ஆண்டு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை. திருகோணமலைப் பல்கலைக்கழக வளாகத்தின் சுத்திகரிப்புத் தொழிலாளி தம்பிராசா, குவியக் குவியக் குப்பை ஏற்றிய தள்ளுவண்டியைக் கேற்றுக்குள் தள்ளிக்கொண்டு வந்தார். வெளியே அல்ல, உள்ளே.

காரணம் இருந்தது. பத்து மணிக்குக் கொழும்பிலிருந்து அதிகாரி வருகிறார். நாட்டில் கடதாசிக்கும் தட்டுப்பாடு, வயலுக்குப் போடும் பசளைக்கும் தட்டுப்பாடு. ஆகவே வளாகங்கள் தங்கள் குப்பையைக் கடதாசி, தகரம், சாப்பாட்டு மிச்சம் என்று மூன்று தொட்டிகளில் பிரித்துப் போடவேண்டும், அது திரும்பப் பயன்படவேண்டும் என்று சுற்றறிக்கை வந்திருந்தது. கடைசி வரி தம்பிராசாவுக்கென்றே எழுதியதுபோல இருந்தது: தொட்டி நிரம்பாத இடத்தில் தொழிலாளி பதவி நீக்கப்படுவார்.

அரசாங்க உத்தியோகத்துக்குப் பதினொரு வருடம் காத்திருந்த மனிதர் தம்பிராசா. "எங்கட இவர் இப்ப கம்பஸில" என்று மனைவி நல்லம்மா, அவர்கள் குடியிருந்த லிங்கநகர் முழுக்கச் சொல்லி முடித்து இன்னும் எட்டு மாதம்கூட ஆகவில்லை.

பதிவாளர் பாக்கியரத்தினம் வண்டியைச் சுற்றி வந்தார்.

"இது ஆற்ற குப்பை, தம்பிராசா?"

"லிங்கநகர் ஆக்கள்ற ஐயா. பன்ரெண்டு வீடு. கேட்ட உடன தந்தவை. நல்ல சனம்."

"வந்தவர் எங்கட குப்பையைக் கேட்டால்?"

"தொட்டிக்குள்ள விழுந்தால் பிறகு எங்கட குப்பைதானே ஐயா."

பாக்கியரத்தினம் தலையாட்டினார். "விரிவுரை மண்டபத்தில குட்டி போட்ட மான் எழும்பிட்டுதோ?" என்று கேட்டார்.

"இல்லை ஐயா. பாவம், கிடக்கட்டும் எண்டு கதவைச் சாத்தி விட்டனான்."

பத்து மணிக்கு அதிகாரி லாபிர் வந்து இறங்கினார். கிண்ணியாவில் பிறந்தவர், கொழும்புக் கந்தோரில் இருபது வருடமாகக் குப்பைப் பகுதிக்குப் பொறுப்பு. தேநீர் வேண்டாம் என்றார். கண்ணாடியை மாட்டினார், சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டினார், கடதாசித் தொட்டிக்குள் கையை விட்டார்.

வந்தது ஒரு கொப்பித் தாள். அதில் பெரிய பெரிய எழுத்தில் அ, ஆ, இ.

"இது?"

"முதலாம் வருடம் சேர்," என்றார் தம்பிராசா.

"மூண்டு எழுத்தில ரெண்டு பிழை."

"அதுதான் சேர், இன்னும் முதலாம் வருடத்திலயே நிக்கினம்."

லாபிர் குறித்துக்கொண்டார். அடுத்தது தகரத் தொட்டி. குழந்தைப் பால்மா ரின் ஒன்று மேலே வந்தது.

"இது?"

"ஒரு விரிவுரையாளருக்கு வயித்தில புண் சேர். வேற ஒண்டும் குடிக்க ஏலாது."

சாப்பாட்டுத் தொட்டியில் நண்டுக் கோது, நண்டுக் கோது, மேலும் நண்டுக் கோது.

"பிள்ளையளுக்குக் கிழமை நாளில நண்டோ?"

"துறைமுகம் பக்கத்தில சேர். வேண்டாமெண்டு துரத்தினாலும் ஏறி வருது."

லாபிருக்குச் சந்தேகம் வந்ததா என்று முகத்தில் தெரியவில்லை. திரும்பவும் தகரத் தொட்டிக்குப் போனார். அடிவரை துழாவினார். கை வெளியே வந்தபோது அதில் மேல்வரிசைப் பொய்ப்பல் ஒன்று, முழுசாக, சிரித்துக்கொண்டிருந்தது.

பாக்கியரத்தினம் கூரையைப் பார்க்கத் தொடங்கினார்.

"இது?"

தம்பிராசா ஒரு மூச்சு எடுத்தார். "இறுதி வருடம் சேர்."

லாபிர் பல்லை வெளிச்சத்தில் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். "பல் தகரமில்லையே. தகரத் தொட்டியில போட்டது பிழை."

"ஓம் சேர். ஆளைக் கூப்பிட்டுக் கண்டிக்கிறன்."

கை கழுவிய பிறகு லாபிர் விறாந்தையில் ஏறி நடந்தார். விரிவுரை மண்டபத்து யன்னலண்டை நின்றார். உள்ளே எட்டிப் பார்த்தார். மானும் குட்டியும் அவரை நிமிர்ந்து பார்த்தன. கரும்பலகை மூன்றும் வந்திறங்கிய வைக்கோல் கட்டுப் பிரிக்காமல் சுவரில் சாய்ந்திருந்தன.

அவர் நெடுநேரம் பார்த்தார். தம்பிராசாவுக்கு நல்லம்மாவின் முகமும், அதற்குப் பின்னால் லிங்கநகரின் பன்னிரண்டு வீடும் வரிசையாகத் தெரிந்தன.

"தம்பிராசா."

"சேர்."

"குப்பை இருக்கு. பிள்ளையள் எங்க?"

பாக்கியரத்தினம் அருகில் கிடந்த கதிரையில் மெல்ல உட்கார்ந்தார். வளாகத்துக்குக் கேற் வந்திருந்தது, பதிவாளர் வந்திருந்தார், தொழிலாளி வந்திருந்தார். மாணவர்கள்தான் இன்னும் ஒருவரும் வரவில்லை.

தம்பிராசா தலையைச் சொறிந்தார். "சேர் வந்தது குப்பை பார்க்கத்தானே? பிள்ளையள் வேற பகுதி."

லாபிர் யோசித்தார். இருபது வருட உத்தியோகத்தில் இன்னொரு பகுதியின் வேலையில் அவர் தலை போட்டதில்லை.

"அதுவும் சரிதான்," என்று பேனையைத் திறந்தார். 'குப்பை திருப்திகரம். பல் மட்டும் இடம் மாறியுள்ளது. தொழிலாளியை நிரந்தரமாக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

தம்பிராசா அந்த வளாகத்திலேயே வேலை பார்த்து, மாலை மரியாதையோடு ஓய்வுபெற்றார்.

1975இல் திருகோணமலையில் பல்கலைக்கழகமே கிடையாது. இதை எழுதிய கைதான் இப்போது கொஞ்சம் சுளுக்கியிருக்கிறது.