இன்னொரு வாளி

வியாபாரி ஒரு வாய் குடித்தார். விழுங்கவில்லை. வாஷ்பேசினில் துப்பினார்.

"பெரியவரே, என்ன இது?"

மாமனார் குனிந்து பீப்பாயைத் துடைக்க ஆரம்பித்தார். பக்கத்தில் நின்ற மருமகளுக்குத்தான் திக்கென்றது.

"ஏன், நல்லா இல்லையா?"

"உங்க வீட்டுச் சரக்குன்னா முதல்ல பச்சை ஆப்பிள் மாதிரி ஒரு புளிப்பு வரும். அப்புறம் காய்ஞ்ச புல்லு வாசனை. கடைசியில நாக்குல ஒரு கசப்பு நிக்கும். இது வெறும் புளிச்ச தண்ணி. இதை பீருன்னு நான் எப்படிம்மா விக்கிறது?"

பெல்ஜியம் பாணியில் செய்யும் பீர் அது. ஈஸ்ட் வாங்கிப் போடும் வேலையே கிடையாது. முளைகட்டிய பார்லியின் சாற்றைக் காய்ச்சி, மாடியில் இருக்கும் அகலத் தொட்டியில் கொட்டி, இரவு முழுக்க ஜன்னலைத் திறந்து வைப்பார்கள். காற்றில் மிதக்கும் காட்டு ஈஸ்ட் தானாக வந்து விழுந்து அதைப் புளிக்க வைக்கும். பிறகு மரப்பீப்பாயில் மாதக்கணக்காகத் தூங்க வேண்டியதுதான்.

கணவன் போன பிறகு காய்ச்சிய முதல் பீப்பாய்கள் இவை. அவனோடு அவன் தொழிலும் போய்விடக் கூடாது என்று, நர்ஸ் வேலையை உதறிவிட்டு வீம்பாக இறங்கியவள் அவள். அவன் படம் போட்ட லேபிள்கூட அச்சாகி வந்துவிட்டது. வழக்கமாக எடுக்கும் இந்த வியாபாரியே கை விரித்துவிட்டால் கதவைப் பூட்ட வேண்டியதுதான்.

தன் டம்ளரை எடுத்து அவளும் ஒரு வாய் குடித்தாள். அவளுக்கே தெரிந்துவிட்டது.

"எப்படி மாமா இப்படி ஆச்சு?"

மாமனார் தொண்டையைச் செருமினார்.

"என் தப்புதான். அன்னைக்கு ராத்திரி கொஞ்சம் அதிகமா குடிச்சுட்டேன். ஜன்னலைத் திறக்காமலே படுத்துட்டேன்."

"மாமா!"

"மறந்து போச்சும்மா."

"மறுநாளே சொல்லியிருந்தா அதைக் கொட்டிட்டு வேற காய்ச்சியிருப்போமே!"

"உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு தைரியம் வரலை."

டம்ளரை ணங்கென்று கீழே வைத்தாள்.

"இது உங்க பிள்ளையோட படம் போட்டு விக்கப்போற பீரு. அதையும் குடிச்சே கெடுத்துட்டீங்க, இல்ல?"

சொன்ன பிறகு அவளுக்கே சுருக்கென்றது. ஆனாலும் மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை. மாமனார் தலையைக் குனிந்துகொண்டு, சொட்டாத பீப்பாய்க் குழாயை இறுக்கிக்கொண்டிருந்தார்.

என்றைக்கு இந்த மனுஷன் வாய் நிறைய ஒரு வார்த்தை பேசியிருக்கிறார்? கணவனைப் பறிகொடுத்துவிட்டுச் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தவள், முதன்முதலாகப் படுக்கையை விட்டு எழுந்து செய்த வேலை அந்த மாடியைக் கழுவியதுதான். ஆஸ்பத்திரியில் பழகிய கை சும்மா இருக்குமா? பிளீச்சிங் பவுடரைக் கரைத்துக்கொண்டு ஏணி மேல் ஏறிவிட்டாள். வாசலில் வந்து நின்றவர், "எழுந்துட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டார். நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். போய்விட்டார். பாராட்டாவது, ஒன்றாவது!

வியாபாரி பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"கிளம்புறேன். போறதுக்கு முன்னாடி மாடித் தொட்டியை ஒரு பார்வை பார்த்துட்டுப் போறேன்."

மாமனார் பதறிப் போனார்.

"மேல என்னய்யா இருக்கு? படி வேற சரியில்லை. வேணாம்."

"இனிமே மறைக்க என்ன இருக்கு? நீங்க வாங்க சார்," என்று மருமகள் விறுவிறுவென்று முன்னால் ஏறினாள். முட்டி வலிக்கார மாமனாரால் தடுக்க முடியவில்லை.

மேலே போன வியாபாரி தொட்டியைப் பார்க்கவில்லை. ஜன்னலையும் பார்க்கவில்லை. அண்ணாந்து கூரையைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"ஒட்டடை எல்லாம் எங்கேம்மா?"

"நான்தான் சுத்தம் பண்ணேன்." பெருமையாகவே சொன்னாள். "இந்தச் சரக்கைக் காய்ச்சுறதுக்கு முன்னாடி. எத்தனை வருஷத்து அழுக்கு தெரியுமா? கை வைக்கவே கூசிச்சு."

வியாபாரி படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அது அழுக்கு இல்லைம்மா. இந்த வீட்டு ஈஸ்ட் குடியிருந்ததே அந்தத் தூசியிலதான். ஜன்னல் வழியா வர்றது கொஞ்சம். ஒரு ராத்திரி ஜன்னலைத் திறக்காம விட்டாக்கூட, உத்தரத்துல இருந்து விழுறதே போதும், நுரைச்சுடும். இந்தத் தொழில்ல சிலந்தியைக்கூட விரட்ட மாட்டாங்க."

"அப்போ மாமாவுக்கு இது..."

"தெரியாமலா? ஒரு தடவை நான் விவரம் புரியாம ஒட்டடையில கை வெச்சுட்டேன். கழுத்தைப் பிடிச்சுத் தள்ளாத குறையா என்னைக் கீழே விரட்டினவரு அவரு."

கீழே டம்ளர் கழுவும் சத்தம் கேட்டது. அவள் அண்ணாந்து வெறும் உத்தரத்தைப் பார்த்தாள்.

அன்றைக்குப் பாதி உத்தரம் தேய்த்த நிலையில் வாளித் தண்ணீர் தீர்ந்துபோனது. ஏணியை விட்டு இறங்கி, மறுபடி போய்ப் படுத்துவிடலாம் என்று திரும்பினாள்.

அப்போது, வலிக்கும் முட்டியோடு திரும்பவும் படியேறி வந்து, "மீதியையும் முடிச்சுடும்மா" என்று இன்னொரு வாளித் தண்ணீரை அவள் முன்னால் வைத்தவர் மாமனார்தான்.