வணக்கம் சொல்லாத கப்பல்

மேற்கு வெயிலை மறைத்து நிற்கும் கப்பலின் நிழல், ரோசோ என்ற தீவு நகரத்தின் கடற்கரைச் சாலையைத் தாண்டி யூடோராவின் இளநீர் வண்டிமேல் விழுந்துகிடக்கிறது. ஒரே நிறத் தொப்பி போட்ட நாற்பது கப்பல் பயணிகள் கையை நீட்டிக்கொண்டு நெருக்குகிறார்கள். ஒருவர் வாயிலிருந்தும் வணக்கம் வரவில்லை. அவள் அரிவாளைக் குலைமேல் சாய்த்துவிட்டுக் கைகட்டி நிற்கிறாள். "வெட்டுக்கா, நேரமாகுது. இல்லேன்னா நாளைக்கு வர்ற கப்பல்காரங்களை வேற வண்டிக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன்," என்று வழிகாட்டி ஹெஸ்கெத் பதறுகிறான். "தாராளமாப் போ. இந்த ஊர்ல எது கேட்டாலும் முதல்ல வணக்கம் சொல்லணும்னு இவங்களுக்கு நீயாவது சொல்லித் தந்திருக்கலாம்ல?" அப்போது, பத்து நாளாகத் தனியாக ஊர்ப் பேருந்தில் சுற்றும் வெளிநாட்டுக்காரி ஒருத்தி, முதுகுப்பையும் புழுதியுமாக வந்து, "வணக்கம், மிஸ் யூடோரா," என்கிறாள். அரிவாள் எழுகிறது, சீவிய இளநீர் நாற்பது தொப்பிகளைத் தாண்டி அவள் கைக்குப் போகிறது. கப்பல் சங்கு ஊதுகிறது. "ஐயோ, கப்பல் கூப்பிடுதுக்கா!" என்கிறான் ஹெஸ்கெத். "கூப்பிடட்டும். அதுவும்தான் இன்னும் வணக்கம் சொல்லல."