இரண்டே வார்த்தை

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் எள்ளளவும் பொய்யில்லை.

அலுவலகக் கூட்டத்தில் கிளார்க்கின் நாக்குக் குழறியபோது, "வாயில என்னய்யா, பஞ்சா?" என்று எல்லோர் எதிரிலும் நக்கலடித்தவர் மேனேஜர். அன்று மாலையே கிளார்க்குக்குப் பக்கவாதம். கூனிக்குறுகிப்போன மேனேஜர் ஒரு மாதம் கழித்துத்தான் அவர் வீட்டு வாசலை மிதித்தார்.

புரையேறாமலிருக்க மாவு கலந்து கெட்டியாக்கிய தண்ணீரைக் கிளார்க்குக்கு அவர் மனைவி ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"வெளியே போ!" என்றார் கிளார்க்.

மேனேஜரின் முகம் செத்துப்போயிற்று.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். அவருக்கு இந்த ரெண்டு வார்த்தைதான் வாயில வருது. டாக்டரையே இப்படித்தான் வரவேற்கிறாரு!"

மேனேஜருக்குப் போன உயிர் வந்தது. கிளார்க்கின் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கவே கூடாது. மன்னிச்சிடுங்க" என்று அழுதார்.

"வெளியே போ!"

"மன்னிச்சிட்டேன்கிறாரு சார்" என்றாள் மனைவி.

பாரம் இறங்கியவராக மேனேஜர் படியிறங்கினார்.

கிளார்க்குக்குப் பேச்சு முழுதாகத் திரும்பி அன்றோடு பத்து நாள்.